ஓடைக்கு இரண்டு கல்

ஜீப்புக்கு முன்னால் நடப்பதுதான் ஆஞ்சப்பனின் வேலை. தோளில் கடப்பாரை, இடுப்பில் கொடுவாள். உண்ணிச்செடி வழியை மூடியிருந்தால் வெட்ட வேண்டும். வண்டித்தடம் ஆழமாக இருந்தால் கல் போட்டு நிரப்ப வேண்டும். அவன் ஒதுங்கி நின்று கை காட்டினால்தான் ஜீப் நகரும். வழி நன்றாக இருக்கும் இடத்தில் அவனும் ஏறிக்கொள்ளலாம். ஏறுவது என்றால் உள்ளே அல்ல, முன்சக்கரத்துக்கு மேலிருக்கும் மட்கார்டில். உள்ளே முன் சீட் மேஸ்திரி நாராயணப்பனுக்கு. பின்னால் பெட்ரோல் டின், தண்ணீர்ப் பை, கூடாரத் துணி, ராகி மூட்டை. பள்ளங்களில் சக்கரத்துக்குப் போட இரண்டு மரப்பலகைகள்.

பட்டாளம் ஏலம் விட்ட ஜீப் அது. ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்கும். பெங்களூர் காண்ட்ராக்டர் ஒருவர் அதை எடுத்திருந்தார். ராயக்கோட்டைக்கு மேற்கே மலைக்காட்டில் மூங்கில் வெட்டும் குத்தகையும் அவருடையதுதான். மூங்கிலைக் கீழே கொண்டுவர லாரி வேண்டும், லாரிக்கு வழி வேண்டும். அந்தக் காட்டில் வழி என்று இருந்ததெல்லாம் மாட்டுவண்டித் தடமும் ஆடு மேய்க்கிறவர்களின் ஒற்றையடிப் பாதையும்தான். எது எங்கே போய் முடிகிறது என்று முழுக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. ஜீப்பை ஓட்டிப் பார்ப்பது, ஏறினால் அந்த வழியை அகலப்படுத்தி லாரி விடுவது, ஏறாவிட்டால் அந்தப் பக்கத்தையே மறந்துவிடுவது. காண்ட்ராக்டர் சொல்லிவிட்டுப் போனது அவ்வளவுதான்.

டிரைவர் முனிராஜுக்கு அத்திப்பள்ளிப் பக்கம். சண்டைக் காலத்தில் பர்மா வரைக்கும் லாரி ஓட்டியவன். வண்டி சேற்றில் சிக்கினால் கன்னடத்தில் திட்டுவான், பாறையில் இடித்தால் இந்தியில் திட்டுவான், மேஸ்திரி அவசரப்படுத்தினால் தமிழில் முணுமுணுப்பான். கிளைவழி வரும் இடங்களில் அவர்களுக்கு ஒரு முறை இருந்தது. போகக்கூடிய வழியில் ஒரு கல்லுக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். ஆகாத வழியின் குறுக்கே ஒரு தழைக்கொத்தை வெட்டிப் போடுவார்கள். தழை வெட்டிப் போடுவதும் ஆஞ்சப்பனின் வேலைதான். பின்னால் வரும் ஆட்கள் தழையைப் பார்த்துத் திரும்பிவிடுவார்கள்.

ஆவணி முழுக்க இப்படிப் போயிற்று. ஒரு நாள் ஏழெட்டுத் தடம் ஓட்டிப் பார்த்து எல்லாவற்றுக்கும் தழை போட்டுவிட்டு வருவார்கள். ஒரு தடம் கொள்ளுக்காட்டில் போய் முடியும். ஒன்று யாருமில்லாத மாட்டுப்பட்டியில் முடியும். ஒன்று நேராகப் பாறைக்குப் போய், பாறையில் தடமே இல்லாமல் அழிந்துவிடும்.

குந்தாரப்பள்ளிச் சந்தையன்று எதிரே வந்த ஒரு ஜோடிக் காளை ஜீப்பைக் கண்டு மிரண்டு, வண்டியோடு காட்டுக்குள் இறங்கிவிட்டது. வண்டிக்காரர் வெங்கடப்பன். ஆஞ்சப்பனின் ஊர்க்காரர்தான், நிலம் நீச்சு உள்ளவர். காளைகளை அடக்கிக் கட்டிவிட்டு வந்து ஜீப்பின் மூக்கைத் தட்டினார்.

"எத்தன பல்லு போட்டுக்கீதுப்பா இது?"

"பல்லெல்லாம் தேஞ்ச கெழம் பெரியவரே," என்றான் முனிராஜ். "பட்டாளத்துக்காரன் தள்ளி உட்டது."

"அப்ப ஒழவுக்கு ஆவாது. தீனி இன்னா?"

"பெட்ரோலு."

"சாணி போடுமா?"

"பொகை உடும்."

"பொகைய அள்ளிப் போட்டு எந்த வெள்ளாமை ஆவும்?" வெங்கடப்பன் மட்கார்டில் இருந்தவனைப் பார்த்தார். "ஏண்டா ஆஞ்சப்பா, கொம்பு மேல குந்திகினு வரியே, குத்தாதா?"

ஆஞ்சப்பன் சிரித்தான். அந்த நாட்களில் அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

அவனுக்குச் சீகேபெட்டா. மலைமேல் கடைசி ஊர் அது, அதற்கு அப்பால் காடு. வேலைக்குச் சேர்ந்த அன்றே மேஸ்திரியிடம் சொல்லிவிட்டான்.

"சாமி, எங்க ஊருக்கு மேலதான் மூங்கிலு நெறைய. யானை உள்ள பூந்தா வெளிய தெரியாது."

"உங்கூருக்கு ரோடு போடவாடா காண்ட்ராக்டர் என்ன அனுப்பினாரு?"

"மூங்கிலு இருக்கறது நெசம் சாமி."

"வழி?"

"வண்டித்தடம் இருக்குது. நடுவுல ஒரே ஒரு ஓடை."

நாராயணப்பன் கேலமங்கலத்துப் பக்கம் நிலம் உள்ளவர். சத்தம் போடுவார், கெட்டவர் இல்லை. யோசித்துப் பார்த்துச் சொன்னார்: "ஓடையத் தாண்டிட்டா முகாமை உங்கூர்லயே போட்டுரலாம். மூங்கில் வெட்டு முடியறவரைக்கும் ஜீப்பு அங்கயே நிக்கும்."

ஆஞ்சப்பனுக்கு வேண்டியது அதுதான். ஐப்பசியில் முனிலட்சுமிக்கு மாசம். அந்த மாசத்தில் ஜீப் ஊரில் நிற்க வேண்டும்.

முனிலட்சுமி அவனுடைய இரண்டாவது பெண்டாட்டி. முதல் பெண்டாட்டி மாரம்மா, இவளுடைய அக்காள். மூன்று வருஷத்துக்கு முன் மாரம்மாவுக்கு வலி எடுத்தது. பிள்ளை குறுக்கே நின்றுவிட்டது. மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். மூங்கிலில் துப்பட்டியைத் தூளியாகக் கட்டி அவளை அதில் போட்டு, கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்கு என்று ஆட்கள் மாற்றி மாற்றித் தூக்கி வந்தார்கள். ராயக்கோட்டைக்குப் போனால் பஸ் பிடிக்கலாம். ஓடைக்கரையோடு அவள் அடங்கிவிட்டாள். வயிற்றில் பிள்ளையோடு.

மறு வருஷம் கெம்பம்மா தன் இளையவளையும் அவனுக்கே கொடுத்தாள். கெம்பம்மா அவனுக்கு மாமியார், அவன் அப்பாவோடு பிறந்தவளும்கூட. முனிலட்சுமி சின்னப் பிள்ளையிலிருந்து அவனை மாமா என்று கூப்பிட்டவள். கட்டிக்கொண்ட பிறகும் அதே மாமாதான்.

ஒரு வாரம் வீட்டுக்குப் போயிருந்தபோது அவளிடம் ஜீப்பைப் பற்றிச் சொன்னான். அவள் முறத்தில் கொள்ளைக் கொட்டிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு முன்னாடி சீட்டு வேணும் மாமா."

"அது மேஸ்திரி சீட்டு."

"நான் புள்ளத்தாச்சி. அந்தாளு எறங்கி நடக்கட்டும். உங்கள மாதிரி தவளையாட்டம் முன்னாடி ஒட்டிகினு வரமாட்டன்."

"ஏறுனா ராயக்கோட்டை வரைக்கும் ஆட்டமா ஆட்டும். எலும்பெல்லாம் கழண்டுரும்."

"ஆட்டட்டும். ராயக்கோட்டையில எறங்கி தக்காளி மண்டியெல்லாம் பாத்துட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போவன்."

உள்ளேயிருந்து கெம்பம்மா கத்தினாள். "வாய வெச்சிகினு சும்மா இருடி. சீட்டாம், மண்டியாம்."

"ஏம்மா, உனக்கும் எடம் உண்டு. பின்னாடி ராகி மூட்ட மேல."

முன்கூட்டியே அவளைக் கீழே கொண்டுபோய் வைக்கலாமே என்று அவன் ஒருமுறை கேட்டான். கெம்பம்மா ஒப்பவில்லை. கீழே யார் வீட்டில் வைப்பது? முகாமில் ஆம்பிளைகள் நடுவிலா? அது போகட்டும், ராயக்கோட்டைக்குப் போகிற வழி மாரம்மாவின் கல்லைத் தாண்டித்தான் போகிறது. நிறைவயிற்றோடு ஒருத்தி அந்தக் கல்லைத் தாண்டி நடந்து போகலாமா? வண்டியில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு தாண்டினால் அது வேறு. அப்படித்தான் கெம்பம்மா நினைத்தாள். ஆஞ்சப்பனும் அப்படித்தான் நினைத்தான்.

பிள்ளை வயிற்றில் இருக்கும்போது செத்தவளுக்கு வழியோரம் சுமைதாங்கி நடுவது அந்தச் சீமையில் எல்லாச் சாதிக்கும் உண்டு. இரண்டு கல் நட்டு, அதன் மேல் குறுக்கே ஒரு பலகைக் கல். தலைச்சுமையோடு போகிறவர்கள் யார் கையும் வேண்டாமல் அதில் சுமையை இறக்கிவைத்து ஆறலாம், திரும்ப ஏற்றிக்கொள்ளலாம். அவள் இறக்கிவைக்காமல் போன சுமை, பிறர் இறக்கிவைக்க இறக்கிவைக்க அவளுக்கும் இறங்கும் என்பார்கள். மாரம்மாவின் கல்லை ஆஞ்சப்பனே வெட்டினான். அணை வேலைக்குக் கல் உடைத்தவன், கை பழகியிருந்தது. ஓடைக்குச் சீகேபெட்டா பக்கத்துக் கரையில், அவள் மூச்சு நின்ற இடத்திலேயே நட்டான்.

புரட்டாசி பிறந்து, ஜீப் ஒரு வழியாகச் சீகேபெட்டா தடத்தில் திரும்பியது. சுண்ணாம்பு அடித்துக்கொண்டே வந்தார்கள். ஏற்றம் அதிகம்தான். நாலு சக்கரமும் இழுக்கும் கியரைப் போட்டு முனிராஜ் ஏற்றிவிட்டான். ஆஞ்சப்பன் முன்னால் நடக்கவில்லை, ஓடினான். கல்லைப் புரட்டினான், செடியை வெட்டினான், கையைக் காட்டினான்.

"பொண்டாட்டி வூட்டுக்குப் போறவன் மாதிரி ஓடறான் பாரு," என்றார் மேஸ்திரி.

"பொண்டாட்டி வூட்டுக்குத்தானே சாமி போறது," என்றான் அவன்.

ஓடைக்கரையில் ஜீப் நின்றது. ஓடை அகலமில்லை. ஆனால் மழை அரித்து அரித்து, கத்தியால் அறுத்த மாதிரிச் செங்குத்தாக இறங்கியிருந்தது. மாட்டுவண்டிக்காரர்கள் மேலே போய், சரிவான இடத்தில் காளைகளை அவிழ்த்துவிட்டு, வண்டியை ஆள் வைத்து இறக்கி ஏற்றுவார்கள். அங்கே ஒரு பெரிய வேங்கை மரம் குறுக்கே நின்றது. வண்டியை ஆட்கள் தூக்கித் திருப்பிவிடலாம், ஜீப் நுழையாது. ரிசர்வ் காட்டு மரத்தைத் தொட்டால் பாரஸ்ட் கார்டு பிடித்துக்கொண்டு போய்விடுவான். பலகை போட்டுத்தான் தாண்ட வேண்டும். பலகைகளில் ஒன்று முந்தின நாள் ராயக்கோட்டைக் கோட்டைக்குப் பின்னால் ஒரு பள்ளத்தில் உடைந்துபோயிருந்தது.

இருந்த ஒரு பலகையை ஒரு சக்கர வாட்டத்துக்குப் போட்டார்கள். பொருந்தியது. மற்ற சக்கரத்துக்கு ஒன்றும் இல்லை. மேஸ்திரி அக்கரையைப் பார்த்தார்.

"டேய், அந்தக் கல்லு சரியா இருக்குமே. கண்ணால பாத்தா பலகை நீளம்தான்."

முனிராஜ் இன்ஜினை நிறுத்தினான்.

"அது என் பொண்டாட்டி கல்லு சாமி," என்றான் ஆஞ்சப்பன்.

நாராயணப்பன் காலில் கிடந்த செருப்பைக் கழற்றிவிட்டார். தெரியாமல் சொன்னதற்கு அவர் செய்ய முடிந்தது அது. "மாரம்மாவா?" என்று கேட்டார். அவன் சொல்லியிருந்தது அவருக்கு ஞாபகம் இருந்தது.

"ஆமா சாமி."

மேஸ்திரி ஓடை விளிம்புக்குப் போய் எட்டிப் பார்த்தார். பிறகு மெல்லக் கேட்டார்: "ஒரு தடவ போட்டு ஜீப்பத் தாட்டிட்டு, திரும்ப எடுத்து வெச்சிட்டா? தேங்காய் ஒடச்சி, மஞ்சத் தண்ணி ஊத்திடலாம். உன் இஷ்டம்தான். ஜீப்பு அந்தப் பக்கம் போனா உங்கூர்லதான் நிக்கும்."

ஆஞ்சப்பனுக்கும் அது தெரியும். அக்கரைக்குப் போய்க் கல்லின் பக்கத்தில் நின்றான். பலகைக் கல்லின் மேல் யாரோ சுள்ளிக்கட்டை இறக்கிவைத்து எடுத்த பட்டைத் தூள் கிடந்தது. கையால் தள்ளினான். சுமை வைக்கிற கல். கால் படக் கூடாது. சக்கரம் ஏறினால்? வயிற்றோடு போனவளைக் கீழே போட்டு அவள் மேல் வண்டியை ஏற்றி, அந்த வண்டியில் அவள் தங்கச்சியை, அதே வயிற்றோடு, ஏற்றிக்கொண்டு போவதா? மாரம்மா சும்மா இருப்பாளா?

"வேண்டாம் சாமி," என்றான். "மெதிக்கக் கூடாது."

"பேடப்பா," என்றான் முனிராஜும். "அந்த மாதிரிக் கல்லு மேல நான் ஓட்டமாட்டன். பர்மாவுலயே ஓட்டமாட்டன்."

மேஸ்திரி தலையை ஆட்டினார். அவர் வீட்டிலும் அப்படி ஒரு கல் உண்டு, அவருடைய சித்திக்கு. மூன்று பேரில் ஒருவருக்கும் கல்லை விட்டுவிட்டது தப்பாகப் படவில்லை.

"நானே ஒரு கல்லு அறுத்துடறன்," என்றான் ஆஞ்சப்பன். "மேல பாறை இருக்குது. சந்தை லீவுல வந்து உளி போட்டன்னா ஆயிரும்."

"சரிடா. கல்லு ஆனதும் சொல்லு. அதுவரைக்கும் குருபரப்பள்ளிப் பக்கத்து வழியெல்லாம் பாத்துடலாம்."

ஜீப்பைத் திருப்பினார்கள். கிளைவழிக்கு வந்ததும் நின்றது. ஆஞ்சப்பன் இறங்கினான். முறைப்படி ஒரு தழைக்கொத்தை வெட்டினான். தன் ஊர் வழிக்குக் குறுக்கே அவனே போட்டான்.

அடுத்த சந்தை லீவில் ஓடைக்குப் போய்ப் பாறையில் கோடு கிழித்து உளிக்குழி போட ஆரம்பித்தான். வரிசையாகக் குழி தோண்டி, ஆப்பு இறக்கி அடித்தால் பாறை கோட்டோடு பிளந்து பலகையாக வரும். அன்றைக்குப் பாதிக் கோடு ஆனது. ஜீப்பின் இரண்டு சக்கரத்துக்கு நடுவே உள்ள அகலத்தை ஒரு கயிற்றில் முடிச்சுப் போட்டு வைத்திருந்தான். அந்தக் கயிற்றை மாரம்மாவின் கல்லில் கட்டிவிட்டு வந்தான்.

அதற்கடுத்த சந்தை லீவு அவனுக்குக் கிடைக்கவில்லை. குருபரப்பள்ளிக்கு மேலே ஒரு தடத்தில் ஜீப் சேற்றில் இறங்கி அச்சு உடைந்து, கிருஷ்ணகிரியிலிருந்து ஆள் வரும்வரை காவல் கிடக்க வேண்டியதாயிற்று. அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. மழையில் உளி வழுக்கும். நின்றதும் போகலாம் என்று இருந்தான். முனிலட்சுமிக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று கெம்பம்மா சொல்லி அனுப்பியிருந்தாள்.

நாள் இல்லை.

குருபரப்பள்ளி முகாமுக்கு ஆள் வந்து சேர்ந்தபோது மதியம் சாய்ந்திருந்தது. கெம்பம்மாவின் தம்பி மகன் கங்கப்பன். ராயக்கோட்டைக்கு ஓடிவந்து, அங்கே ஜீப் இல்லை என்று தெரிந்து, லாரி ஏறி வந்திருந்தான். விடியும்போதே வலி எடுத்துவிட்டது. ரத்தம் போகிறது. தூளி கட்டித் தூக்கிவிட்டார்கள்.

நாராயணப்பன் எழுந்துவிட்டார். "எடுறா வண்டிய," என்றார். தான் ஏறவில்லை. முன் சீட்டில் தன் துப்பட்டியை மடித்துப் போட்டார். பின்னால் இருந்த மூட்டைகளை இழுத்துக் கீழே போட்டார்.

முனிராஜ் அன்றைக்கு ஓட்டிய மாதிரி பிறகு எப்போதும் ஓட்டியதில்லை. கிளைவழியில் கிடந்த தழை மழையில் அழுகிக் கறுத்திருந்தது. ஜீப் அதன் மேலேயே ஏறிப் போயிற்று. வழுக்கின இடத்திலெல்லாம் ஆஞ்சப்பனும் கங்கப்பனும் குதித்துத் தள்ளினார்கள். சேறு மூஞ்சியில் அடித்தது.

ஓடையில் செம்மண் தண்ணீர் கரையை முட்டிப் போய்க்கொண்டிருந்தது. இருந்த ஒற்றைப் பலகையைப் போட்டால் அடித்துக்கொண்டு போய்விடும். அக்கரையில் ஆட்கள் நின்றார்கள். தூளிக் கம்பின் ஒரு முனையை மாரம்மாவின் கல்லில் சாய்த்திருந்தார்கள், மறு முனையை ஒருவன் தோளில் வைத்து நின்றான். வெங்கடப்பனும் இருந்தார். சாதி வழக்கப்படி தூளியைத் தொடமாட்டார், ஆனால் தன் கம்பளியை மேலே போர்த்திவிட்டு, தலையில் மழையோடு நின்றார். தூளிக்குக் கீழே நிலம் கறுத்திருந்தது.

"எப்ப வந்தீங்க?" என்று ஆஞ்சப்பன் கத்தினான்.

"ரொம்ப நேரமாச்சி. தண்ணி எறங்கட்டும்னு நிக்கறம்."

முனிராஜ் இன்ஜினை நிறுத்தவில்லை. நிறுத்தினால் ஈரத்தில் திரும்பப் பிடிக்காது. ஆஞ்சப்பன் தண்ணீரில் இறங்கினான். அடித்துக்கொண்டு போய்க் கீழே ஒரு வேரைப் பிடித்து ஏறி அக்கரைக்கு வந்தான்.

முனிலட்சுமியின் முகம் சுண்ணாம்பு மாதிரி இருந்தது. கண் திறந்திருந்தது. கெம்பம்மா அவள் தலையைப் பிடித்துக்கொண்டு, தன் வாயில் முந்தானையை வைத்து அடைத்துக்கொண்டிருந்தாள்.

"மாமா," என்றாள் முனிலட்சுமி. "ஏதோ சத்தம் கேக்குது."

"ஜீப்பு."

"எங்க?"

"அந்தாண்ட கரையில."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்ப முடியவில்லை. "தண்ணி," என்றாள். வெங்கடப்பன் இலையைக் கோலி மழைத்தண்ணீர் பிடித்து ஆஞ்சப்பன் கையில் ஊற்றினார். அவன் அவள் வாயில் விட்டான். பாதி உள்ளே போயிற்று. பாதி கழுத்தோடு வழிந்தது.

அக்கரையில் முனிராஜ் என்ன செய்வதென்று தெரியாமல் ஹாரனை அடித்தான். விட்டு விட்டு அடித்துக்கொண்டே இருந்தான். ஓடையில் தண்ணீர் இறங்கி, ஆட்கள் தாண்டலாம் என்று ஆனபோது, கெம்பம்மா அவனைப் பார்த்துக் கையை ஆட்டினாள். போதும் என்று. அவன் ஹாரனை விட்டான். பிறகு இன்ஜினையும் நிறுத்தினான்.

அவளை மேலேயே புதைத்தார்கள். அக்காளுக்குப் பக்கத்தில்.

ஆஞ்சப்பன் வேலைக்குப் போகவில்லை. மழை விட்டதும் உளியையும் சம்மட்டியையும் எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போனான். பாறையில் பாதிக் கோடு அப்படியே இருந்தது. உளிக்குழிகளில் தண்ணீர் நின்று, அதில் புழு நெளிந்தது. குழிகளைத் துடைத்துவிட்டு மீதிக் கோட்டைப் போட்டான். செத்தவளுக்குக் கல் வேண்டும், கல் வெட்டுகிறான். ஊர் அப்படித்தான் நினைத்தது.

பிளந்த அன்றைக்குக் கங்கப்பனும் நாலைந்து பேரும் வந்தார்கள். நடுவதற்குக் குழி எங்கே தோண்டுவது என்று கங்கப்பன் கேட்டான்.

"குழி வேண்டாம்," என்றான் ஆஞ்சப்பன். "ஓடை மேல போடணும்."

"இன்னா பேசற நீ?"

"ஜீப்பு வரணும்."

"இனிமே எதுக்கு?"

அவன் மாரம்மாவின் கல்லிலிருந்து முடிச்சுக் கயிற்றை அவிழ்த்தான். பலகைக் கல்லின் ஒரு ஓரத்தில் கடப்பாரையைக் கொடுத்தான். ஆட்கள் அவன் கையைப் பிடித்தார்கள். பைத்தியம் பிடித்துவிட்டது என்றான் ஒருவன். வயிற்றோடு போனவளை மிதிபடப் போட்டால் ஊருக்கு ஆகாது என்றான் இன்னொருவன். சுள்ளி சுமந்து வந்த சாந்தம்மா என்கிறவள் கட்டைக் கீழே போட்டுவிட்டு, ஓடிப்போய்க் கெம்பம்மாவைக் கூட்டிவந்தாள். இரண்டு பெண்களையும் பெற்றவள் சொன்னால் கேட்பான் என்று.

கெம்பம்மா வந்தாள். இரண்டு கல்லையும் பார்த்தாள். நின்றிருந்ததை, தரையில் புதிதாக வெள்ளையாகக் கிடந்ததை.

"இன்னா செய்யப் போற ஆஞ்சப்பா?"

"ரெண்டையும் ஓடை மேல போடப் போறன் அத்தே. சக்கரத்துக்கு."

கங்கப்பன், "கேட்டியா அத்தே? நீ சொல்லு," என்றான்.

"நான் இன்னா சொல்றது?" என்றாள் கெம்பம்மா. "ஊர்ல இருக்கறவ எல்லாம் இதுல சுமைய எறக்கனாளுங்க. வரகு எறக்கனாளுங்க, வெறகு எறக்கனாளுங்க. என் சின்னது வந்து இது மேல சாஞ்சிது. நின்னுகினு இருந்து அவளுக்கு இன்னாத்த தாங்கிச்சி இது?" கடப்பாரையை ஆஞ்சப்பனிடமிருந்து பிடுங்கியிருந்தவனிடம் கையை நீட்டினாள். "அதக் குடுறா. படுக்கப் போடட்டும்."

அவன் கொடுத்தான்.

பலகைக் கல்லை இறக்கும்போது அவர்களும் கை கொடுத்தார்கள். முதலில் மாரம்மாவின் கல். பிறகு புதியது. ஆஞ்சப்பன் கயிற்றை வைத்து அளந்து, முடிச்சுக்கு முடிச்சு சரியாக இருக்கிறதா என்று பார்த்து, கரையின் இரு பக்கமும் பள்ளம் தோண்டி முனைகளைப் பதித்துச் சல்லி போட்டு இறுக்கினான். நட்டிருந்த இரண்டு கற்களும் மேலே ஒன்றும் இல்லாமல் நின்றன.

சந்தைக்குப் போன வெங்கடப்பன் காளைகளை நிறுத்தி இறங்கிவந்து பார்த்தார். தன் வண்டிச் சக்கரங்களையும் கற்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நல்ல வேலதாண்டா. வண்டிக்கு மட்டும் ஒத்துவராது. இன்னும் ஒரு ஜாண் அகட்டிப் போட்டிருந்தியானா மாட்டு வண்டியும் போயிருக்கும்." சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாம் என்று அவருக்கே பட்டது. "சரி, உடு. நான் சுத்திகினே போறன்," என்று காளைகளை மேலே திருப்பினார்.

கார்த்திகையில் ஒரு நாள் காலை கீழே இன்ஜின் சத்தம் கேட்டது. மூங்கில் வெட்டு தை மாசம் ஆரம்பிக்க வேண்டும், காண்ட்ராக்டரிடமிருந்து தாக்கீது வந்துவிட்டது. மேஸ்திரி புதுப் பலகை ஒன்று அறுத்து எடுத்து வந்திருந்தார். ஓடைக்கரையில் கற்களைப் பார்த்ததும் ஜீப்பிலிருந்து இறங்கிவிட்டார். நட்ட கற்கள் இரண்டும் வெறுமனே நிற்பதையும் பார்த்தார்.

ஆஞ்சப்பன் வழியின் ஓரத்தில் கடப்பாரையோடு நின்றான்.

"நீயா போட்டது?"

"ஆமா சாமி."

"எதுக்குடா?" என்று மட்டும் கேட்டார். பிறகு, "பலகை கொண்டாந்திருக்கறன். ரெண்டு பலகை இருக்குது. அதையே போட்டுக்கலாம்," என்றார்.

"வேண்டாம் சாமி. இது மேல வரட்டும்."

முனிராஜ் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். அவனும் செருப்பைக் கழற்றிப் பின்னால் வைத்திருந்தான். "நான் எப்பிடிண்ணா ஓட்டறது?" என்று ஆஞ்சப்பனைக் கேட்டான். அவன் அண்ணா என்று கூப்பிட்டது அன்றைக்குத்தான்.

"என் கையப் பாத்து வா. கீழ பாக்காத."

ஆஞ்சப்பன் அக்கரைக்குப் போய், ஜீப்பைப் பார்த்தபடி நின்றான். கையைத் தூக்கினான். வா என்று ஆட்டினான். வலப்பக்கம் கொஞ்சம் என்று காட்டினான். நேர் என்று காட்டினான். முன்சக்கரங்கள் இரண்டும் ஒரே சமயத்தில் கற்களில் ஏறின. பழைய கல் ஒரு சத்தம் போட்டு அமர்ந்தது. புதியது அசையவில்லை. அவன் கையை நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டு, ஒவ்வொரு அடியாகப் பின்னால் நடந்தான். பின்சக்கரங்களும் வந்து இறங்கின. அவன் அப்போதும் கை ஆட்டிக்கொண்டிருந்தான்.

"தாட்டியாச்சுண்ணா," என்றான் முனிராஜ். "ஏறு."

மேஸ்திரி நடந்து தாண்டி வந்தார். கல்லில் அல்ல, ஓடையில் இறங்கி ஏறி. "உள்ள குந்துடா," என்றார். "முன்னாடி குந்து. நான் பின்னாடி ஏறிக்கறன்."

ஆஞ்சப்பன் எப்போதும் போல மட்கார்டில் ஏறிக்கொண்டான். முன் சீட்டில் யாரும் உட்காரவில்லை.

சீகேபெட்டாவுக்குள் முதல் தடவையாக ஒரு மோட்டார் வந்தது. நாய்கள் குரைத்தன. பிள்ளைகள் பின்னால் ஓடிவந்தார்கள். தடம் கெம்பம்மாவின் குடிசையோடு முடிந்தது. அதற்கு மேல் வண்டி போகிற வழி இல்லை. முனிராஜ் அங்கேயே நிறுத்தினான்.

கெம்பம்மா வெளியே வந்தாள். ஜீப்பை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். பின்னால் ராகி மூட்டை கிடந்ததைப் பார்த்தாள். முன்பக்கம் வந்து நின்றாள்.

"இந்த சீட்டுதானா?"

"ஆமா அத்தே," என்றான் ஆஞ்சப்பன்.

சீட்டில் வழிப்புழுதி படிந்திருந்தது. கெம்பம்மா முந்தானையை எடுத்து அதைத் துடைத்தாள். மூலை மூலையாக, அழுத்தித் துடைத்தாள். துடைத்து முடித்ததும் முந்தானையை உதறிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.